அந்த ஒற்றைத் திருகாணி

விற்றவர் பேரம் பேசவில்லை. அவனுக்கு உறுத்தியது அதுதான்.

பை, சூட்கேஸ் விற்கும் கடையில், அப்பாவின் கல்லாப்பெட்டிக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன் அவன். சொன்ன விலையில் பாதியைக் கேட்டால் எதிராளி நெஞ்சில் கை வைக்க வேண்டும், கட்டுப்படியாகாது என்று புலம்ப வேண்டும், கடைசியில் ‘சரி, உங்க முகத்துக்காக’ என்று பொய் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. ஸ்டுடியோவை மூடிவிட்டு வீட்டோடு இருந்த அந்த போட்டோக்காரரோ, கேட்ட விலைக்குத் தலையாட்டிவிட்டு, பழைய கேமரா லென்ஸைத் துணியில் சுற்றி அவன் பக்கம் நகர்த்திவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?”

எதற்காக வாங்குகிறோம் என்பதை வாய் தவறியும் சொல்லக் கூடாது. ஆசை தெரிந்தால் விலை ஏறும். “இல்லீங்க. கடைக்குத்தான். பெட்டிங்களைப் படம் எடுத்துப் போடணும்,” என்றான் கூசாமல்.

“அப்ப சரி. வளையத்துல நானா ஒரு திருகாணி அடிச்சிருக்கேன். பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும். அதை மட்டும் தொடாதீங்க.”

அவர் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் அவருடைய மகன், வளர்ந்த பையன், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். லென்ஸ் வாங்க இவன் உள்ளே போனபோதும் அப்படித்தான், கிளம்பியபோதும் அப்படித்தான். பையனின் உதட்டில் ஓர் ஈ ஊர்ந்துகொண்டிருந்தது. பையன் அதை விரட்டவில்லை.

உண்மையில் லென்ஸ் அவன் மகளுக்காகத்தான். நாலு வயது, வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்றுதான் பெயர். கேமராவைத் தூக்கினால் போதும், கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து அப்பாவின் முதுகுக்கும் தாவிவிடுவாள். “ஏங்க, நமக்குப் பொறந்தது பிள்ளையா, புகையா? ஒரு போட்டோலயாவது அதுக்கு மூஞ்சி இருக்கா?” என்று மனைவி கேட்டுக்கொண்டே இருப்பாள். மங்கலான வெளிச்சத்திலும் சட்டென்று பிடிக்கிற, வாய் அகன்ற இந்த லென்ஸ் பதில் சொல்லும் என்று நினைத்தான்.

மனைவி மாலை ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். மழை. வாலு ஆட்டம் போட்டுக் களைத்துத் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றுகிற திருகாணிகள் தொலையாமலிருக்க மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலையில் இறங்கினான். துணியைப் பிரித்ததுமே அந்த வாடை வந்தது: ஈரச் சாக்கும் புளித்த வினிகரும் கலந்த ஒன்று. பழைய ஸ்டுடியோ இருட்டறையின் வாடையாக இருக்கும் என்று மூக்கைச் சமாதானப்படுத்தினான். உள்ளே வெளிச்சத்தை அளந்து விடுகிற இதழ்கள், எண்ணெய் படிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. லைட்டர் பெட்ரோலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்ததும், இமை திறந்து மூடுவதைப் போலத் திறந்து மூடின. கெட்டிப்பட்ட கிரீஸைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்துப் புது கிரீஸைத் தடவினான். எஞ்சியது, எத்தனை மீட்டர் தூரத்தில் படம் தெளிய வேண்டும் என்று எண்கள் பொறித்த ஃபோகஸ் வளையம். படுத்திருக்கும் எட்டைப் போன்ற முடிவிலிக் குறியில் அது செத்துக் கிடந்தது. அந்தத் திருகாணி அதன் விலாவில் கோணலாக இறங்கியிருந்தது.

குறையை மறைக்கத்தான் ‘தொடாதே’ என்பார்கள். எத்தனை சூட்கேஸ்களில் அவனே சொல்லியிருக்கிறான்.

கழற்றினான்.

பிறகுதான் கவனித்தான்: வளையத்தை இரு முனையிலும் நிறுத்துகிற பல் உள்ளே இல்லை. யாரோ அராவி எடுத்ததுபோல் வழவழவென்றிருந்தது. அந்தத் திருகாணி ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லென்ஸைக் கேமராவில் மாட்டி, வாலுவின் அறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்று, நீண்ட நடையின் கோடியிலிருந்த வாசல் கதவைக் குறிபார்த்தான். ஃபோகஸ் சரியாக விழுந்தால் கேமராவுக்குள் பச்சைப் புள்ளி எரியும், ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும்.

பீப்.

வளையம் இன்னும் முடிவிலியில்தான் இருந்தது. வாசல் கதவு வெறும் பழுப்புக் கறையாக மங்கிக் கிடந்தது. ஆனாலும் புள்ளி எரிந்தது. கதவுக்கு அப்பால், மழைக்கு அப்பால் எதையோ லென்ஸ் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுவரைக் குறிபார்த்தான். பீப். மேசைக் காலைக் குறிபார்த்தான். பீப். சனியன், எங்கோ கோளாறு என்று கேமராவைத் தாழ்த்தியபோது விரலுக்கடியில் அது நகர்ந்தது. வளையம். எண்ணெய் போட்ட கீலைப் போல, சத்தமே இல்லாமல், தானாக. முடிவிலி விலகி, பத்து மீட்டர் வந்தது.

பத்து மீட்டர் என்றால் வாசலுக்கு வெளியே, மாடிப்படி.

கிரீஸ் அதிகமாகிவிட்டது, கனத்தில் நழுவுகிறது என்று கேமராவை நிமிர்த்திப் பிடித்தான், பிறகு கவிழ்த்துப் பிடித்தான். எப்படிப் பிடித்தாலும் ஒரே திசையில்தான் நகர்ந்தது. திருகாணியை எடுத்தான், முடிவிலியில் மட்டுமே பொருந்துகிற துளை ஏற்கெனவே வளையத்துக்கடியில் போய் மறைந்துவிட்டது. பின்னோக்கித் திருகினான். பாறை. வினிகர் வாடை நடையில் இப்போது இன்னும் கனமாக இருந்தது. போட்டோக்காரரை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான்.

“அண்ணே, வளையம் தானா சுத்துது.”

“திருகாணியக் கழட்டினீங்களா?”

“கழட்டிட்டேன். நிறுத்த முடியல. இப்ப அஞ்சுக்கு வருது.”

அஞ்சு மீட்டர் என்றால் வீட்டுக்குள்ளே. வாசல் கதவு திறக்கவே இல்லை.

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. “பயப்படாதீங்க தம்பி. பெரியவங்கள அது ஒண்ணும் பண்ணாது. தாண்டிப் போயிரும். பிள்ளைங்க இல்லாத வீடுன்னா சுத்திட்டு அதுவாவே வெளிய போயிரும். நீங்கதான் இல்லைன்னு சொன்னீங்களே.”

அவன் வாய் திறந்தது. வியாபாரத்தில் சொன்ன எந்தப் பொய்யையும் அவன் இதுவரை திரும்ப வாங்கியதில்லை.

“அண்ணே... பொண்ணு இருக்கா. எனக்குப் பின்னாடி தூங்குறா.”



“அய்யோ,” என்றார் அவர், மெதுவாக. “எங்க வீட்லயும் பையனுக்குக் குறுக்க நான்தான் நின்னேன்.”

“என்னை எடுத்துக்கச் சொல்லுங்கண்ணே. வேற எதை வேணாலும்...”

“அதுக்குப் பேரம் தெரியாது தம்பி.”

இரண்டு கையாலும் வளையத்தை இறுக்கினான். நகம் வெளுக்க இறுக்கினான். நின்றது. நின்றதுபோல் இருந்தது. அறைக்குள் ஓடி அவளை அள்ளலாம். ஆனால் கையை எடுக்க வேண்டும். அள்ளினாலும் வெளியே போக ஒரே வழி இந்த நடைதான். காலியான நடை. விளக்கு எரிந்தது. செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவளுடைய மூன்று சக்கர சைக்கிள், கைப்பிடியில் ரிப்பன்.

ரிப்பன் அசைந்து, நின்றது.

விரல் வழுக்கியது. வியர்வை. மூன்று.

பீப்.

“வாலு,” என்றான். கத்தினால் எழுந்து வந்துவிடுவாளோ? கத்தாவிட்டால்?

ஒன்று.

கேமராவைத் தூக்கிக் கண்ணில் ஒட்டிக்கொண்டான், எடுக்க முடியவில்லை. எடுத்தால் நேராகப் பார்க்க வேண்டியிருக்கும். இதற்கு மேல் கிட்டே வராது, எந்த லென்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் இதன் பல்லை அராவியிருக்கிறார்கள். அராவியது போட்டோக்காரர் அல்ல, அதுவேதான். இப்போதுதான் புரிந்தது.

மறுகண்ணின் ஓரத்தில் எண்கள் தீர்ந்தன. வெறும் கறுப்பு உலோகம். வளையம் சுற்றியது.

லென்ஸ் அளக்கிற தூரம் கேமராவுக்குள், படம் விழும் தளத்தில்தான் பூஜ்யமாகிறது. அந்தத் தளம் அவன் கண்ணை ஒட்டி இருந்தது. ஈரச் சாக்கு மூக்கில் நுழைந்தது. நாக்கில் புளித்தது. பல்லில் கூசியது. பிறகு தொண்டையில். பிறகு பிடரியில், உள்பக்கமிருந்து.

பிறகு இல்லை.

வளையம் நின்றது. காற்று சுத்தமாக இருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

நாலடி முன்னால் தள்ளாடித் திரும்பினான். கதவு திறந்தது. வாலு நின்றாள். தூங்கிக் கலைந்த முடி, கன்னத்தில் தலையணை மடிப்பு. கை இரண்டும் பக்கவாட்டில். அவன் விரல்கள் இன்னும் கேமராவிலேயே ஒட்டியிருந்தன. அவைதாம் அதைத் தூக்கின.

வளையம் மெல்லத் திரும்பி, நின்றது. பீப்.

முதல் முறையாக அவள் முகம் தெரிந்தது. ஒவ்வொரு இமைமயிரும். மூக்கின் மேல் அவன் இதுவரை பார்த்திராத ஒரு சின்ன மச்சம். கீழுதட்டில் ஓர் ஈ.

வாசலில் சாவி திரும்பியது. மனைவி, நனைந்த குடையோடு. “ஏங்க, இன்னும் அதை நோண்டிட்டுதான்... அட! வாலுவைப் பாருங்களேன், ஆடாம அசையாம நிக்குது! எடுங்க, எடுங்க, ஓடிறப் போவுது!”

வாலு ஓடவில்லை. அவனை நோக்கி நடந்து வந்தாள். அவள் ஒரு காலை எடுத்து வைத்தபோது அவன் விரல்களுக்கடியில் வளையமும் அந்த அளவே திரும்பியது. அடுத்த காலுக்கும் திரும்பியது. பச்சைப் புள்ளி அணையவே இல்லை.