வாழிடம்: முத்திருளாயி

முத்திருளாயிக்கு விரல் பத்தும் எரிந்தன. விடிந்ததிலிருந்து கடலில் பாறைப் பாசி பறித்துக் கரையேறியவள், விரலில் சுற்றிய துணியை அவிழ்க்கக்கூடத் தெம்பில்லாமல் சோதனைச் சாவடியில் நின்றாள். இனங்காட்டி அவள் பாசிப் பையை மோந்து பார்த்துச் சிவந்தது. ஓர் உயிரின் வாடையை வைத்தே அது என்ன இனம், உலகத்தில் எத்தனை மிச்சம் என்று சொல்லிவிடும் கருவி அது.

"கடல் அட்டை. விலங்கினம். காப்புத் தரம் ஏழு."

பாசியோடு பாசியாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தரம் ஏழுக்கு மூன்று வருடம் சிறை. வீட்டில் இன்னும் நடை பழகாத குழந்தை.

"நானா சார் அதைப் பைக்குள்ள கூப்புட்டேன்?"

"செடின்னா அபராதத்தோட விட்டிருப்பேன். இது உசுரும்மா," என்றார் காவலர் ஞானப்பிரகாசம்.

"செடிக்கு மட்டும் உசுரு இல்லையாக்கும்!" பின்னால் நின்ற இன்னொரு பாசிக்காரி ராக்கு விடவில்லை.

காவலர் தூக்கிய பயத்தில் அட்டை தன் குடலையே வெளியே கக்கியது. முத்திருளாயிக்கும் அப்படித்தான் இருந்தது.

அடுத்தது உடல் சோதனை. அவள் இடுப்புச் சுருக்குப் பையருகே வந்ததும் கருவி இதுவரை அடிக்காத மணியை அடித்தது. உள்ளே இருந்தது வெட்டுப்பூண்டு. பாறை கிழித்த விரலில் அதைக் கசக்கி வைத்துத் துணி சுற்றுவது பாசிக்காரிகள் வழக்கம். வாடாமலிருக்க ஈரமண்ணோடு வைத்திருந்தாள். அது பைக்குள்ளேயே வேர் பிடித்து மொட்டும் விட்டிருந்தது.

"பூக்கும் தாவரம். காப்புத் தரம் பத்து. உலகில் மிச்சம் ஒன்று. வாழிடம்: முத்திருளாயி."

ஞானப்பிரகாசம் கைவிலங்கை மேசைக்குள் தள்ளினார். தரம் பத்தின் வாழிடத்தைக் கரையைவிட்டு நகர்த்தினால் அவருக்கே பத்து வருடம் சிறை.

"அட்டையக் கடல்ல விட்டுட்டு, கரையோரமாவே வீட்டுக்குப் போங்கம்மா. மெதுவா நடங்க."

முத்திருளாயி மணலில் உட்கார்ந்து, வந்த அழுகையைச் சிரித்துத் தீர்த்தாள்.

"மிச்சத்தையெல்லாம் பிடுங்குனது நாமதானடி," ராக்கு காதோரம் சொன்னாள்.

"வாய மூடு. இப்பத்தான் தப்பிச்சிருக்கேன்."

"இனி ஒன்னையச் சுத்தி வேலி போடுவாய்ங்க, பாரு."

ஞானப்பிரகாசம் அதற்குள் வேலிக் கம்பு எண்ணிக்கொண்டிருந்தார். எரிகிற விரலுக்கு இனி ஓர் இலை கிள்ள முடியாது.

முழங்கால் தண்ணீரில் இறங்கி அட்டையை விட்டாள். சில வாரத்தில் குடல் திரும்ப வளரும் என்று சாவடியில் கருவி சொல்லியிருந்தது. அதுவரை அந்த அட்டைக்கு அவள் ஒரு குடல் பாக்கி.