நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவர்

காலையில் தேய்த்துச் சமமாக்கிய புடைப்பு மத்தியானம் சுவரில் மறுபடியும் வந்திருந்தது. கெஸியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கீழ் கோத்தகிரி எஸ்டேட் ஆபீஸில் ஆறு வருடமாகத் தற்காலிக கிளார்க் அவள். முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் ஓதம் ஏறி உரிந்த சுவரை, சணல் நெசவு போல வரிவரியாக இருக்கும் வால்பேப்பர் ஒட்டி அழகாக்கலாம் என்று அவரிடம் சொன்னதும் அவள்தான். வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தர ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். நாலு மணிக்கு வருகிறார்; இப்போதே மூன்றரை. இந்தப் பாழாய்ப்போன சுவருக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக மறைத்துக்கொண்டு வர, ஃபேக்டரியின் வறுத்த இலை வாசனையையும் மீறிப் பசையின் புளித்த நெடியும், அதற்கடியில் நாள்பட்ட ஈரத்துணியின் வீச்சமும் அறையெங்கும் கனத்துக் கிடந்தன. பிளாஸ்டிக் தகட்டால் அழுத்தினாள். புடைப்பு அமுங்காமல் இடது பக்கம் நகர்ந்தது. அங்கே அழுத்தினாள். மேலே ஏறியது.

ஒட்டியவனுக்குப் போன் போட்டாள். “என்ன வேலைங்க பெனிஸ் இது? தலை அளவுக்குப் பொடச்சுட்டு நிக்குது!”

“பொடைப்பாங்க்கா?” பெனிஸ் தயங்கினான். “அங்க பள்ளந்தானுங்க இருந்துச்சு! பழைய அலமாரி பேத்த எடம். ஆள் உசரம் இருக்கும். பூசுனா காய ரெண்டு வாரம் ஆகும், நீங்க அவசரம்னீங்க. உள்ள காலியா விட்டு மேலயே இழுத்து ஒட்டிட்டனுங்க.”

காலியென்றால் அவள் அழுத்தியபோது உள்ளேதானே போயிருக்க வேண்டும்?

கெஸியா திரும்பிப் பார்த்தாள். புடைப்பு மெதுவாக உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே.

காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். கிழித்துப் பார்க்கலாம். கிழித்தால் வேலை போச்சு.

வாசலில் ஜீப் ஹாரன் கேட்டது.

இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள். சூடாக இருந்தது. அமுங்கியது.

முதலாளி கீர்த்திவாசன் உள்ளே வந்து சுவரைத் தடவினார். “அட, நல்லாத்தான் இருக்குது கெஸியா! நம்ம கோயமுத்தூர் ஆபீசுக்கும் இதையே ஒட்டிறலாமாட்ட இருக்குதே.” அப்படியே சுவரில் சாய்ந்து கவரை நீட்டினார். “இந்தாம்மா, உன்ற ஆர்டரு.”

சாயாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பார். கவரைப் பார்த்தாள்.

உள்ளே காலி. ஆனாலும் சாய்ந்தவர் பின்னால் விழவில்லை.

அவர் தோள்களுக்கு இருபுறமும் வால்பேப்பர் எழும்பியது. நெசவு வரியோடு ஒரு கை. இன்னொரு கை. மார்பின் மேல் கோத்துக்கொண்டன.

“கெஸி—”

மூன்றாவது கை. வாயின் மேல்.

அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் நின்ற இடத்தில் சுவர் மட்டும்தான்; அதில் ஒரு சுருக்கமும் இல்லை. மணிக்கட்டு வரை மட்டும் அவர் கை வெளியே நீண்டிருந்தது. அது பிடித்திருந்த கவரை, வாங்கிக்கொள் என்பதுபோல, அவளை நோக்கி மெல்ல ஆட்டியது.