வழுக்குச் சட்டை போட்ட கிருமி

"வரமாட்டேன்னா வரமாட்டேன்!"

ஆஸ்பத்திரி மேஜைக்கு அடியிலிருந்து கத்தினான் என் தம்பி வாண்டு.

போன மாதம் அவன் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்துவிட்டது. அதை எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் நுழையும் கிருமிகளை வடிகட்டிப் பிடிப்பது அதுதானாம். இனிமேல் தடுப்பூசி போடாவிட்டால், ஒரு காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"வலிக்கவே வலிக்காதுடா, கண்ணா" என்றாள் அம்மா.

"பொய்! போன தடவையும் இப்படித்தான் சொன்னே!"

ஊசி போடாமல் இவனை வீட்டுக்கு விடப்போவதில்லை என்று முடிவு கட்டினேன். காலைப் பிடித்து இழுத்தேன். உதைதான் கிடைத்தது!

"உன் ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு கிருமியைப் பிடிச்சுத் தின்னும், தெரியும்ல?"

"அப்ப அதுவே பாத்துக்கட்டும்!"

அப்படியா சேதி? கை கழுவும் தொட்டியிலிருந்த சோப்பை நனைத்து அவன் பக்கம் உருட்டினேன். "நீதான் வெள்ளை அணு. இது கிருமி. ஒரு கையால பிடி, பார்க்கலாம்!"

பிடித்தான். நழுவியது. துரத்திக்கொண்டு வெளியே வந்தான். மறுபடி நழுவியது.

"அக்கா, இது போங்கு!"

"கிருமியும் போங்குதான். சில கிருமி வழுவழுன்னு சட்டை போட்டுக்கும். வெள்ளை அணுவால பிடிக்க முடியாது."

என் இரண்டு சடைகளிலிருந்தும் ரப்பர் பேண்டுகளை உருவி, சோப்பின்மேல் சுற்றினேன். "இப்ப பிடி."

கெட்டியாகப் பிடித்துவிட்டான்!

"கிருமிமேல ஒட்டிக்கிற இந்த ரப்பர் பேண்டு மாதிரி ஒரு பிடியை உன் உடம்பே செய்யும். ஆனா அந்தச் சட்டை எப்படியிருக்கும்னு அதுக்குத் தெரியணுமே? அதைக் காட்டத்தான் ஊசி."

வாண்டு யோசித்தான். "வலிக்குமா?"

"வலிக்கும். கொஞ்ச நேரம்."

ஊசியோடு வந்த நர்ஸக்கா என் தலையைப் பார்த்துச் சிரித்தார். "என் சோப்பு போச்சு, உன் சடையும் போச்சா?"

வாண்டு இடது கையை நீட்டினான். வலது கையில் சோப்பு.

"போடுங்க!"

ஊசி இறங்கியது. "ஐயோ அம்மா!" என்று அலறினான். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

ஆனால் சோப்பு மட்டும் அவன் கையிலிருந்து நழுவவே இல்லை.