நடுத்திரை மட்டும் பளிச்சென்று

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் கடற்கரைச் சாலை. பகல் ஒன்றரை மணி. சார்ஜென்ட் டெல்மா குவிக்லி மீன் கடைக்குள் நுழைந்தபோது, மயங்கி விழுந்த பெண்ணையும் அவள் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டிருந்தது. தரையில் ஒற்றைச் செருப்பு. மேசையில் இரண்டு வாய் கடித்த கோழி ரோல். எதிரே, அந்த அப்பா பாதியில் விட்டுப்போன பொரித்த பாரமுண்டி மீன்.

பதினேழு வயது டெஸ்ஸாவுக்கு வேர்க்கடலை ஆகாது. ரோலில் தடவியிருந்த சாஸோ வேர்க்கடலையை அரைத்துச் செய்தது. தொண்டை வீங்கி விழுந்தவளுக்கு அவசர ஊசி போட்டும் மூச்சு சீராகவில்லை.

"என் மேல தப்பில்ல மேடம்." கடைக்காரர் ரஸ் ஹானிகன் முந்திக்கொண்டார். "போர்டைப் பாருங்க. கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இதோ கவுண்டர்ல நிக்கிற இவதான் கடலை இல்லைன்னு சொல்லி வித்திருப்பா."

கவுண்டருக்கு மேலே மூன்று மெனு திரைகள். நடுத்திரையில் கோழி ரோல் படத்தின் அடியில், 'வேர்க்கடலை சேர்ந்தது' என்ற வரி கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே, 'பாரமுண்டி தீர்ந்துவிட்டது'. இடப்பக்கமும் வலப்பக்கமும் இருந்த திரைகளில் படங்கள் கட்டம் கட்டமாகச் சிதறி, சின்ன எழுத்தெல்லாம் ஈசல் மொய்த்த மாதிரி கிடந்தது.

கவுண்டரில் நிற்கும் சமோவாப் பெண் மலியா நடுத்திரையையே வெறித்தாள். "இதுவும் மங்கலாத்தான் இருந்துச்சு மேடம். எத்தனை தடவை சொன்னேன்! ஒரு எழுத்தும் படிக்க முடியலைன்னு தினமும் என்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க. அந்தப் பொண்ணு கடலை இருக்கான்னு கேக்கவே இல்ல. போர்டை அண்ணாந்து பார்த்துட்டு வாங்கிட்டுப் போனா."

"புளுகாதடி!"

"அவளை அதட்டாதீங்க," என்றாள் டெல்மா. "விழுந்ததும் நீங்க என்ன செஞ்சீங்க மலியா?"

"மடியில போட்டுக்கிட்டேன். போன் பண்ணேன். இவரு முதலுதவிப் பெட்டி எடுக்கப் போறேன்னு உள்ள ஓடினாரு. வரவே இல்ல."

டெல்மா திரும்பினாள். முதலுதவிப் பெட்டி கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. அவளுக்குக் காது மடல் சுட்டது. குரலை மட்டும் அடக்கிக்கொண்டாள்.

"ரஸ், இந்த போர்டை எப்ப மாத்தினீங்க?"

"மாத்தவே இல்ல. காலையில கடை திறந்ததிலிருந்து யாரும் கை வைக்கல."

"நிச்சயமா?"

"சத்தியமா."

"அப்படின்னா பாரமுண்டி காலையிலேயே தீர்ந்துபோச்சு. போர்டு சொல்லுது. அப்புறம் அந்தத் தட்டுல இருக்கிறது என்ன?"

ரஸ் மேசையைப் பார்த்தார்.

"அதுதான் கடைசித் துண்டு மேடம்," என்றாள் மலியா. "ரோலோட சேர்த்து நான்தான் குடுத்தேன்."

"கடைசித் துண்டு போன பிறகு எழுதின வரி அது. அப்புறம் இந்தக் கவுண்டர்ல வியாபாரமே நடக்கல, பொண்ணு விழுந்துட்டா. நீங்க உள்ள போய் நடுத்திரையில மட்டும் தெளிவான புதுப் படம் ஏத்தினீங்க. பழக்க தோஷம், தீர்ந்த மீனையும் சேர்த்து எழுதிட்டீங்க. மத்த ரெண்டு திரையைத் தொட நேரமில்ல. எங்கிருந்து வந்துச்சு அந்தப் படம்?"

ரஸ் நாற்காலியில் சரிந்தார். "திரை மாட்டினவன் பல மாசம் முன்னாடியே அனுப்பிட்டான். செல்போன்ல வந்த சின்னப் படத்தை இழுத்துப் பெருசாக்கிப் போடாதீங்க, இதைப் போடுங்கன்னான். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு..."

"எவ்வளவு நேர வேலை?"

"அஞ்சு நிமிஷம்."

டெல்மாவின் கை மேசையில் விழுந்த வேகத்தில் தட்டு துள்ளியது. "மாசக்கணக்கா செய்யாத வேலை. ஒரு பொண்ணு தரையில மூச்சுக்குத் துடிக்கிறப்போ உட்கார்ந்து செஞ்சு முடிச்சீங்க. முடிச்சுட்டு வந்து, அவளை மடியில தாங்கினவ தலையில பழியைப் போட்டீங்க!"

தடயத்தை மாற்றியதற்காகக் கைது என்று சொல்லி அவரை எழுப்பினாள். வாசலை அடைந்ததும் ரஸ் மெல்லக் கேட்டார்:

"மேடம்... அந்தப் பொண்ணு பிழைச்சுக்குமா?"

டெல்மா கார் கதவைத் திறந்து பிடித்தாள். "இவ்வளவு நேரம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா? ஏறுய்யா."