கடலுக்கு முதுகு

முதல் பிளாஷ் அடித்த கணத்தில் இலக்கியாவின் முந்தானை அவள் தோளுக்கு மேலே எழும்பி நின்றதை மரியதாஸ் பார்த்தான். காற்று இல்லை. மத்தியானத்திலிருந்தே இல்லை. மணல்மேட்டுச் சவுக்கு மரங்களில் ஒரு ஊசியிலைகூட அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. வெளிச்சம் அணைந்ததும் கேமராவை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தான். முந்தானை அவள் இடது முழங்கையில் மடித்துப் போட்ட இடத்திலேயே, கடையில் தொங்கும் புடவை மாதிரி ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

போட்டோ எடுக்கும்போது அவன் இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருப்பான். வலது கண் கேமராவுக்குள் இருக்கும். பட்டனை அழுத்துகிற நேரத்தில் உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே எழும்பி, அந்தக் கண்ணுக்கு எல்லாம் இருட்டாகிவிடும். எதிரே நிற்பவர் கண் சிமிட்டிவிட்டாரா என்று பார்க்க இடது கண்ணை வெளியே காவல் வைப்பான். மரக்காணம் கடைத்தெருவில் ஸ்டூடியோ திறந்த நாளிலிருந்து இதுதான் பழக்கம். அந்த இடது கண் இதுவரை தப்பாக எதையும் பார்த்துச் சொன்னதில்லை.

"கண்ண மூடிட்டனாண்ணா?" என்றாள் இலக்கியா.

"இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொண்ணு எடுத்துக்கலாம்."

கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகாத ஜோடி. புருஷோத்தமன் உப்பளக்காரக் குடும்பத்துப் பையன். அடுத்த வாரம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான். திண்டிவனம் பக்கத்து உள்கிராமத்திலிருந்து வந்த பெண் அவள்; கடலை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கல்யாண ஆல்பத்தில் இருவரும் மாலைக்குள் புதைந்து கிடந்தார்கள், ஒரு படத்திலும் அவள் முகம் சரியாக விழவில்லை. "பர்ஸுல வெச்சுக்கற மாதிரி ஒண்ணு வேணும்ணே. பீச்சுல, சூரியன் எறங்கற நேரத்துல" என்று கேட்டுக்கொண்டு வந்தான். மரியதாஸ் சரி என்றான். மாட்டேன் என்று சொல்லவும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே.

அந்த டிசம்பர் போய் ஆறு மாதம் ஆகிறது. கடல் வந்துவிட்டுப் போன மறுநாள், செத்துப்போனவர்களில் அடையாளம் தெரியாத முகங்களைப் படம் எடுத்துத் தர வேண்டும் என்று ஆட்கள் வந்து அழைத்தார்கள். போனான். ஒரு முகத்துக்கு ஒரு பிளாஷ் என்று எடுத்துக்கொண்டே போனான். எடுத்து முடித்து வீட்டுக்கு வந்து குளித்தான், சாப்பிட்டான், தூங்கினான். அழுகை நாளைக்கு வரும் என்று நினைத்தான். வரவில்லை. அப்புறம் எதுவுமே வரவில்லை. கோபம், சிரிப்பு, பசி எல்லாமே, கால்மாட்டில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி தள்ளி நின்றன. "உங்ககிட்ட பேசறதும் ஒண்ணுதான், செவுத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதான்" என்பாள் அவன் மனைவி சவரியம்மாள். அதற்கும் அவன் தலையைத்தான் ஆட்டுவான்.

இந்தக் கரையில் சூரியன் கடலில் விழாது. மேற்கே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், உப்புப் பாத்திகளுக்கும் பனைமரங்களுக்கும் பின்னால் இறங்கும். சிவந்த வானம் படத்தில் வர வேண்டுமென்றால் நிற்பவர்கள் கடலைப் பார்த்து நிற்க வேண்டும், எடுக்கிறவன் கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டும். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் முகம் கறுத்துவிடும், அதற்குத்தான் பிளாஷ். எக்கியார்குப்பத்துக்கு வடக்கே ஆள் நடமாட்டமில்லாத மணலைப் புருஷோத்தமன்தான் தேர்ந்தெடுத்தான். தண்ணீர் ஓரத்திலிருந்து கொஞ்சம் மேலே தள்ளி, அலையின் ஈரம் எட்டாத இடத்தில் மரியதாஸ் நின்றுகொண்டான். பாத்திகளிலிருந்து கைப்பான உப்பு வாடை வந்தது. அப்போது பின்னால் அலை தன்பாட்டுக்கு விழுந்து புரண்டுகொண்டிருந்தது.

பிளாஷ் சார்ஜ் ஏறுகிற மெல்லிய ரீங்காரம் நின்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"தம்பி, கொஞ்சம் கிட்ட வா. அவங்க தோள்மேல கை போடு. வெக்கப்படாத, உன் சம்சாரம்தான். சிரிங்க."

இரண்டாவது பிளாஷ்.

அவர்களுக்கும் அவனுக்கும் நடுவே காற்று முழுக்க வெள்ளைத் துகள்கள். லட்சக்கணக்கில். பறக்கவும் இல்லை, விழவும் இல்லை, அந்தந்த இடத்தில் மிதந்தபடி நின்றன. அணைந்ததும் ஒன்றும் இல்லை. உப்புத்தூசி, என்று நினைத்துக்கொண்டு லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தான். பாத்தியில் உப்பு வாரும் காலம்தானே. காற்றில்லாத நாளில் உப்புத்தூசி எழும்பாது என்பது துடைத்து முடித்த பிறகுதான் உறைத்தது. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. ரீங்காரம் இத்தனை தெளிவாகக் கேட்கிறது. ரீங்காரம் மட்டும்தான் கேட்கிறது.

"அலைச் சத்தம் கேக்குதா உங்களுக்கு?"

புருஷோத்தமன் சுண்டு விரலைக் காதில் விட்டு ஆட்டினான். "காது அடச்ச மாதிரி இருக்குதுண்ணே."

"அது முன்னாடியே நின்னுபோச்சேண்ணா" என்றாள் இலக்கியா. "மொத போட்டோ எடுத்தப்பவே. கடல்ல அப்பப்ப அப்படி நிக்குமோன்னு நெனச்சேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மரியதாஸின் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்தபடி, தெரியாத ஊருக்கு வந்தவர்கள் அந்த ஊர் வழக்கத்தை ஏற்றுக்கொள்வதைப் போல ஏற்றுக்கொண்டு சொன்னாள். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மரியதாஸுக்குத் தோன்றியது. கழுத்து திரும்பவில்லை. பயமா என்று உள்ளே தேடிப் பார்த்தான். தூங்கி மரத்துப்போன கையைத் தடவுகிற மாதிரி இருந்தது. தடவுவது தெரிகிறது, கை தன்னுடையது என்று தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. விரல் பழக்கத்தில் அழுத்தியது.

மூன்றாவது வெளிச்சத்தில் அவள் தலையில் சூடியிருந்த மல்லிகைச் சரம் பின்னலை விட்டு விலகி, செங்குத்தாக மேலே நின்றது. பின்னலும் மேலே. புருஷோத்தமனின் சட்டைக் காலர் இரண்டு காதுகளையும் தாண்டி விரிந்திருந்தது. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிங்க என்று அவன் சொன்னதால் சிரித்தபடியே இருந்தார்கள்.

அணைந்தது. பின்னல் முதுகில் கிடந்தது. மல்லிகை தன் இடத்தில்.

"போதும் தம்பி. வெளிச்சம் போயிட்டுது."

"இவள மட்டும் ஒண்ணு எடுத்துருங்கண்ணே. மொகம் மட்டும். அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தோம்."

"ஸ்டூடியோவுக்கு வாங்க, நல்லா எடுத்துத் தரேன்."

"இந்த வானம் ஸ்டூடியோவுல ஏதுண்ணே?" புருஷோத்தமன் சிரித்தபடி விலகி நின்றுகொண்டான். "ஒண்ணே ஒண்ணு."

மரியதாஸ் இரண்டு அடி முன்னால் போனான். இந்த முறை இடது கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கேமராவுக்குள் அவள் முகம் நிறைந்து நின்றது; நெற்றியில் வியர்வை, மேலுதட்டில் வியர்வை, கடலைப் பார்க்கிற கண்கள். மூடத்தான் நினைத்தான். அழுத்தினான். மூடவில்லை.

அவள் வாய் கொஞ்சமாகத் திறந்திருந்தது. வாயோரத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள், கோத்த மணி மாதிரி, மேலே போயின. கண்கள் திறந்திருந்தன. அவளுக்கும் அவனுக்கும் நடுவே விரல் நீள மீன் ஒன்று, பக்கவாட்டில் பளிச்சென்று மின்னியபடி.

இருட்டு.

இலக்கியா இருமினாள். குனிந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் இருமினாள். புருஷோத்தமன் ஓடிவந்து முதுகைத் தட்டினான். "என்னடி? எச்சில் பொரையேறிடுச்சா?" அவள் தலையை ஆட்டினாள். ஏதோ மணலில் துப்பினாள். ஒரு வாய் தண்ணீர். இன்னொரு வாய். மணல் அதை இழுத்துக்கொண்டது.

"உப்பு கரிக்குதுங்க" என்றாள், புறங்கையால் உதட்டைத் துடைத்து.

"கெளம்புங்க" என்றான் மரியதாஸ். தன் குரல் ஸ்டூடியோவில் ‘அடுத்தவங்க வாங்க’ என்று கூப்பிடுகிற குரலாகவே இருந்தது அவனுக்கே வினோதமாகப் பட்டது. "வண்டிய எடு. ரோட்டுக்குப் போங்க. இங்க நிக்காதீங்க."

"இன்னாச்சுண்ணே?"

"ஒண்ணும் ஆவல. அவங்களுக்கு முடியல பாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

அவர்கள் மணல்மேட்டில் ஏறத் தொடங்கினார்கள். அவளை ஒரு கையால் அணைத்தபடி அவன் நடந்தான். மரியதாஸ் பையைத் தோளில் மாட்டினான். போயிருக்கலாம். ஆனால் இத்தனை நேரமும் முதுகுக்குப் பின்னால் இருந்ததைப் பார்க்காமல் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

திரும்பினான்.

கடல் இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில். அலை எழுந்தது, மடிந்தது, நுரை மணலில் ஏறி இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கேமராவைத் தூக்கினான். எதையும் படம் பிடிக்க அல்ல. வெளிச்சத்துக்காக.

அழுத்தினான்.

வெளிச்சம் போய் விழுந்த இடத்தில் தண்ணீர் இல்லை. வெறும் தரை. கறுத்துக் காய்ந்த சேறு, வரிவரியாக, சரிவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. சொட்டு ஈரமில்லை. அலை இல்லை. கடல் என்று ஒன்று அங்கே கிடந்ததற்கான அடையாளம் மட்டும் இருந்தது.

அவன் ஓடவில்லை. கால்கள் ஓட நினைக்கவில்லை. சவுக்கைத் தாண்டி நடந்தான், செருப்பில் மணல் நிறைய நடந்தான், ரோட்டுக்கு வந்து சேர்ந்தான்.

புருஷோத்தமன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த இலக்கியாவுக்கு இருமல் நின்றிருந்தது. முகம் தெளிந்திருந்தது. மரியதாஸ் காத்திருந்த நல்ல செய்தி அது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது.

"நீங்க எப்படிண்ணே போவீங்க?"

"பாண்டி போற பஸ் வரும். ஏறி மரக்காணத்துல எறங்கிக்கறேன். நீங்க போங்க."

"போட்டோ எப்ப கெடைக்கும்ணா?" என்று கேட்டாள்.

அவன் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். பின் விளக்கு சின்னச் சிவப்புப் புள்ளியாகத் தெற்கே போனது. எதிரே, தூரத்தில், ஒரு லாரி வந்தது. அதன் வெளிச்சம் ரோட்டை அடைத்துக்கொண்டு அந்த இரண்டு பேர் மேலும் விழுந்தது.

ஓடுகிற வண்டியில் முந்தானை பின்னால் பறக்க வேண்டும். அவளுடையது மேலே போனது. நேராக மேலே, அவசரமில்லாமல், வளைந்து வளைந்து. பின்னலும் அப்படியே. பிளாஷ் என்றால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இது முடியவில்லை. லாரி அவர்களைக் கடக்கும் வரைக்கும் இருந்தது. புருஷோத்தமனின் சட்டை முதுகில் உப்பிக்கொண்டு எழும்பியது. அவள் ஆட்டிய கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக. மிக மெதுவாக.

லாரி மரியதாஸைத் தாண்டிப் போனது. அதற்கும் சத்தம் இல்லை. அவன் லாரிக்குள் பார்க்கவில்லை. தெற்கே இருட்டில் சிவப்புப் புள்ளியைத் தேடினான். காணவில்லை.

ரோட்டின் இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள், ஓலை மூடி, வரிசையாக. மேற்கே கடைசிச் சிவப்பு. ஒரு பறவை இல்லை. தவளை இல்லை. தன் மூச்சைக் கேட்க முயன்றான்.

கேட்கவில்லை.

வடக்கிலிருந்து பஸ் வந்தது.

முதலில் முன்விளக்குகள். அவை அவன் மேல் விழுந்தன. அவன் கீழே பார்த்தான். சட்டை நுனி இடுப்பை விட்டு எழும்பி, மார்புக்கு வந்து, முகத்துக்கு எதிரே நின்றது. பிடித்து இறக்கினான். மறுபடி எழும்பியது.

பஸ் வேகம் குறைத்தது. நின்றது. அவனுக்கு நேர் எதிரே.

உள்ளே எல்லா லைட்டும் எரிந்தன. எல்லா சீட்டிலும் ஆள். கூரை வரைக்கும் தண்ணீர்.

ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒரு சொட்டும் வெளியே விழவில்லை.

கூடையும் துணிப்பையும் கூரையை ஒட்டி மிதந்தன. பெண்களின் கூந்தல் மேலே நின்றது. பஸ் நின்ற வேகத்தில் எல்லாக் கூந்தலும் சேர்ந்து முன்னால் சாய்ந்தன. சேர்ந்து பின்னால் வந்தன. ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற களைப்போடு, நேராக, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படிக்கட்டில் கண்டக்டர். பை தோளுக்கு மேலே. வாயில் விசில். விசிலிலிருந்து குமிழிகள்.

உள்ளே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கையை நீட்டினார்.