உதறல் இல்லாத ஆறு

மனைவி அதைச் செய்தாளா இல்லையா என்று தெரிவதற்கு முன்பே நன்மாறன் அவளைப் பாராட்டினான். "பிரமாதம் அஞ்சு. அப்படியே வளைச்சுப் புடி" என்றான். படகு பாறையைத் தொடாமல் திரும்பியது. எதிரில் உட்கார்ந்திருந்த அஞ்சுகம் துடுப்பை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள்.

செம்மேட்டில் சாயங்காலங்கள் இப்படித்தான் கழிந்தன. செவ்வாயின் அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகளில் யாரோ ஒருவர் வீட்டில் இல்லை. அஞ்சுகம் வியாழனின் நிலவான காலிஸ்டோவில், பனிக்கடியில் தாது வெட்டும் சுரங்கத்தில் ஒப்பந்தத்துக்குப் போயிருந்தாள். அங்கிருந்து ஒளி வந்து சேர முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒளியைவிட வேகமாக எந்தச் சேதியும் வராது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே படகில் துடுப்புப் போட வழியே இல்லை.

அதற்காக ஊகி என்ற அட்டை வந்தது. இந்தப் படகு ஆட்டம் ஓடும் விளையாட்டுப் பெட்டிக்குள் செருகினால், தொலைவில் இருப்பவர் இந்த நொடியில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று கணித்துக் காட்டும். பழைய ஆட்டங்களிலிருந்து அது ஆளைக் கற்றுக்கொள்ளும். முக்கால் மணி கழித்து உண்மை வந்து சேரும். கணிப்புச் சரியென்றால் ஒன்றும் நடக்காது. தவறென்றால் படம் ஒரு கணம் உதறி, உண்மை இருக்கும் இடத்துக்குத் தாவும்.

அன்றும் உதறியது. படகு ஒரு முழம் பின்னால் போயிற்று. துடுப்போடு இருந்த அஞ்சுகம் மறைந்தாள். வேறொரு அஞ்சுகம் விளிம்பில் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடி முகத்தில் விழுந்திருந்தது. அரை நொடிதான். ஊகி அவளை நிமிர்த்திக் கையில் துடுப்பைக் கொடுத்தது.

நன்மாறன் பார்வைக் கவசத்தைக் கழற்றி மேசைமேல் போட்டான். "சனியன்" என்றான்.

இருவரும் செவ்வாயில் பிறந்தவர்கள். ஆற்றைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில், தண்ணீர் இருக்கிறது என்பதற்காகவே இந்த ஆட்டத்தை வாங்கினார்கள். இப்போது ஆற்றில் இருக்கும் நேரத்தில் மட்டும் அவள் எங்கும் போயிருக்கவில்லை. உதறும்போதுதான் போயிருந்தாள்.

மறுநாள் சந்தைத் தளத்தில் ஜெபமணியின் கடைக்குப் போனான். பெட்டிகளுக்கு உதிரிப் பாகம் விற்பவள் அவள்.

"வாங்க மாறன். போன தடவ வாங்குனதுக்கே இன்னும் பெட்டி மூடியை மாட்டியிருக்க மாட்டீங்களே."

"மூடுனா சூடாவுது."

"திறந்துதான் வைங்க. ஊரே அதுலதான் குளிர் காயுது. சொல்லுங்க, என்ன?"

"உதறல் தாங்கல."

"அவங்க எப்படி, கணிக்க சுலபமான ஆளா?"

நன்மாறன் யோசித்தான். "நல்லாத்தான் ஓட்டுவா. திடீர்னு துடுப்பக் கீழ வச்சிருவா. ஏன்னு கேட்டா சும்மான்னுவா."

"அய்யோ, கஷ்டம்" என்றாள் ஜெபமணி. "சும்மா செய்யற ஆளுக்குப் பெரிய ஊகிதான் வேணும். நேத்து ஒருத்தர் வந்தாரு. அவங்கம்மாவுக்கு ரெண்டாம் தலைமுறையே போதும்னுட்டாரு. சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு மட்டும்தான் கேப்பாங்களாம். ஒரு உதறல் கிடையாது."

அவள் இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தாள். ஒன்று வரைவி. படத்தைத் தீட்டுவது. அதைப் போட்டால் அஞ்சுகத்தின் மேலுதட்டு வியர்வைகூடத் தெரியும். மற்றது ஏழாம் தலைமுறை ஊகி.

"முகம் தெளிவா வேணுமா, ஆட்டம் சீரா வேணுமா? உங்க வீட்டு மின்சாரம் ரெண்டுல ஒண்ணத்தான் தாங்கும்."

அன்று அவன் எதையும் வாங்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒப்பீடுகளைப் படித்தான். பெட்டிக்காரர்களின் மன்றத்தில் கேட்டான். முன்பின் தெரியாதவர்கள் அக்கறையாகப் பதில் சொன்னார்கள். வரைவிக்கு ஏற்ற ஊகி இல்லாவிட்டால் வரைவி சும்மா காத்துக் கிடக்கும் என்றார் ஒருவர். எல்லோரும் பெட்டிக்கு மின்சாரம் தரும் மின்னூட்டியில் கஞ்சத்தனம் செய்துதான் கெடுகிறார்கள் என்றார் இன்னொருவர். தன் பெட்டியின் படத்தை ஒருவர் போட்டிருந்தார். உள்ளே ஊதா விளக்கு எரிந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் அதைப் புகழ்ந்திருந்தார்கள். அவர் யாரோடு விளையாடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்படியே ஒரு மாதம் போயிற்று. அந்த மாதத்தில் அவன் ஆற்றுக்குப் போன நாட்கள் குறைவு. அஞ்சுகம் போனாள்.

மறுபடி கடைக்குப் போனபோது ஜெபமணி அந்த அட்டைகளை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள்.

"இந்த ஊகி அப்படி என்ன செய்யும்?"

"உண்மை வந்தா அப்படியே உங்க தலைல போடாது. கொஞ்சம் கொஞ்சமாக் கலக்கும். ரொம்ப ஒட்டாததா இருந்தா விட்டுரும். இணைப்பே அறுந்தாலும் ஆட்டம் அறாது."

"விட்டுரும்னா?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். அதுக்குத்தானே இந்த வெல."

நன்மாறன் வரைவியைப் பார்த்தான். ஊகியைப் பார்த்தான். "ரெண்டையும் போட்டா?"

"பெரிய மின்னூட்டி வேணும். சூடேத்திக்குப் போற கம்பியப் பிரிச்சு இதுக்குக் குடுக்கணும்."

"வீடு குளிருமே."

"அவங்க இருக்கற எடத்தவிடவா?"

இரண்டையும் வாங்கினான்.

பொருத்தி முடிக்க ஒரு விடுமுறை நாள் முழுவதும் ஆயிற்று. புது வரைவி நீளமாக இருந்ததால் பெட்டியின் உள்தகட்டை அறுக்க வேண்டியிருந்தது. கட்டைவிரலில் வெட்டுப்பட்டது. சாயங்காலம் போர்வையைச் சுற்றிக்கொண்டு கவசத்தை மாட்டினான்.

ஆறு வந்தது. தண்ணீரின் மேல்தோல் தெரிந்தது. அஞ்சுகம் எதிரில் இருந்தாள், தொடும் தூரத்தில். மூன்றாவது வளைவில் துடுப்பைக் கீழே வைத்தாள்.

"என்னடி?"

"சும்மா."

படம் உதறவில்லை. அடுத்த நாளும் உதறவில்லை.

அவன் குரல்மடல் ஒன்று அனுப்பினான். "அஞ்சு, இப்ப உதறலே இல்ல, தெரியுமா?"

அவள் மறுமடல் வந்தது. "இங்க நல்லா உதறுது. என்னோடது பழைய டப்பா. பரவால்ல, உதறுனா நீ ஏதோ கிறுக்குத்தனம் பண்றேன்னு தெரிஞ்சுக்குவேன். முந்தாநாள் எழுந்து நின்னு என்ன பாட்டு பாடுன? படகே ஆடிப்போச்சு."

பாவம், பழைய பெட்டி என்று நினைத்துக்கொண்டான். பதில் அனுப்ப வேண்டும் என்றும் நினைத்தான். தினமும் பார்க்கிறவளுக்கு மடல் எதற்கு? மடல்கள் குறைந்தன, பிறகு நின்றன.

சுரங்கத்தை எதிர்பார்த்ததற்கு முன்பே மூடினார்கள். பனிக்குக் கீழே வெட்டும் அளவுக்கு எதுவும் மிச்சமில்லை. செவ்வாய்க்குப் போகும் கப்பல் மறுநாளே கிளம்பியது. அதில் சொந்த மடல்களுக்கு வசதி கிடையாது. இதைக் குரல்மடலில் சொல்ல அஞ்சுகத்துக்கு மனம் வரவில்லை. ஆற்றில் சொல்ல நினைத்தாள்.

அன்று துடுப்பை வைத்துவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "மாறா, சுரங்கத்த மூடுறாங்க. நாளைக்குக் கப்பல். நான் வரேன்டா."

அவளுடைய பழைய ஊகி அவளுக்கு ஒரு நன்மாறனைக் காட்டியது. அவன் துடுப்பை எறிந்தான். எழுந்தான். பாய்ந்து வந்து கட்டிக்கொண்டான். படகு கவிழ்ந்தது. இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். அஞ்சுகம் விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவன் உண்மையில் என்ன செய்தான் என்பது வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லை. பெட்டியை அறைத்தோழியிடம் கொடுத்துவிட்டு மூட்டை கட்டப் போனாள்.

அவள் சொன்னது முக்கால் மணியில் செம்மேட்டுக்கு வந்தது. ஏழாம் தலைமுறை ஊகி அதைப் பரிசீலித்தது. அந்த வளைவில் அஞ்சுகம் பெரும்பாலும் விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்வாள். அல்லது தண்ணீரைப் பற்றிப் பேசுவாள். வருகிறேன் என்று ஒருபோதும் சொன்னதில்லை. அது ஆட்டத்தோடு ஒட்டவில்லை. ஊகி விட்டுவிட்டது.

"இங்க தண்ணி பச்சையா இருக்குல்ல?" என்றாள் படகில் இருந்த அஞ்சுகம்.

"ஆமா" என்றான் நன்மாறன்.

கப்பல் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. காலிஸ்டோவிலிருந்து எதுவும் வரவில்லை. ஆட்டம் அறவில்லை. அந்த மாதங்களில் அவள் முன்பைவிட நெருங்கி இருப்பதாக அவனுக்குப் பட்டது. அவன் சிரிக்க நினைத்த இடத்தில் சிரித்தாள். அவன் ஓய்ந்தபோது ஓய்ந்தாள். ஜெபமணியைச் சந்தையில் பார்த்தபோது, வாங்கியதிலேயே உருப்படியான பொருள் இதுதான் என்றான். "நான் பொய் சொல்லி விக்க மாட்டேன்" என்றாள் அவள்.

அஞ்சுகம் வந்து இறங்கியது ஒரு சாயங்காலம். இறங்குதளத்தில் மற்றவர்களைக் கூட்டிப்போக ஆட்கள் வந்திருந்தார்கள். அவன் வரவில்லை. கப்பல் நேரம் அவனுக்குத் தெரிந்திருக்காது என்று எண்ணிக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். வழி முழுக்க அந்தக் கவிழ்ந்த படகுதான் நினைவில் இருந்தது.

கதவு அவள் கைக்குத் திறந்தது. பனி நிலவிலிருந்து வந்தவளுக்கே அறை குளிர்ந்தது. மூடி இல்லாத பெட்டி நடுவில் இரைந்துகொண்டிருந்தது. நன்மாறன் இரண்டு போர்வைக்குள், கண்ணையும் காதையும் மூடிய கவசத்தோடு உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். அவன் பார்ப்பது சுவர்த் திரையில் ஓடியது. அங்கே நீண்ட கூந்தலோடு ஒருத்தி துடுப்புப் போட்டாள். அஞ்சுகம் சுரங்கத்தில் முடியை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"மாறா" என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை.

பையை இறக்கினாள். கிட்டே போய் அவன் தோளில் கை வைத்தாள்.

நன்மாறன் திரும்பவில்லை. ஒரு விரலை உயர்த்திக் காட்டினான்.

"யாருங்க? ஒரு நிமிஷம் இருங்க" என்றான். "பொண்டாட்டிகூட இருக்கேன்."

அஞ்சுகம் கையை எடுத்துக்கொண்டாள். திரையில் அவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவனும்.