போயிட்டு வா

குளியலறைத் தொட்டியில் வளையங்கள் உள்நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

முகம் கழுவக் குனிந்த பவனேஷ் குவளையைப் பிடித்தபடியே நின்றான். தண்ணீரில் சொட்டு விழுந்தால் வளையம் நடுவில் பிறக்கும், விரியும், விளிம்பில் முட்டித் திரும்பும். கோலசிலாங்கூர் பள்ளியில் நான்காம் படிவ மாணவர்களுக்கு அவன் நடத்தும் முதல் அலைப் பாடமே இதுதான். இங்கே எதுவும் விழவில்லை. குழாய் இறுக மூடியிருந்தது. தொட்டியின் நான்கு பக்கத்திலிருந்தும் மெல்லிய கோடுகள் கிளம்பி, நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தன. மறுபடியும் கிளம்பின.

போன அலை இல்லை. திரும்பி வருகிற அலை மட்டும் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் செம்பனை எண்ணெய் ஏற்றி ஓடும் லோரியின் அதிர்வாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். லோரி எதுவும் ஓடவில்லை. முகம் கழுவாமலே வெளியே வந்தான்.

விமலா அக்கா வந்திருந்தார். அவன் மனைவி ரமணிக்கு மூத்தவர். பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டு, பின்வாசல் கொடியில் மூன்று நாளாகக் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"தாடிய எடுக்கலாம்ல தம்பி. ஸ்கூல் பிள்ளைங்க பயந்துக்கப் போவுது."

"எடுக்கறேன்க்கா."

"இந்தக் கொடியிலதானே அவளுக்குப் பாடம் நடத்துவ? ஈரத்துணியோட நிக்கறா, வாத்தியாரு கயிற ஆட்டிக்கிட்டு நிக்கறாரு. எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பா லா."

பவனேஷ் கொடியைப் பார்த்தான். அந்த நீல நைலான் கயிற்றின் ஒரு முனை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. கல்யாணமான புதிதில் மறுமுனையை அவிழ்த்து, கையில் பிடித்து, ஒரு சுண்டு சுண்டிக் காட்டினான். கயிற்றில் ஒரு மேடு ஓடிப்போய்க் கம்பியில் முட்டியது. திரும்பி வரும்போது அது பள்ளமாக இருந்தது. கட்டின முனையில் மோதினால் அப்படித்தான். மேடாகப் போனது பள்ளமாக வரும்.

"ஐயோ, போனவன் தலைகீழா வர்றானே!" என்று கைதட்டினாள் ரமணி. ஒரு மேடும் அதே அளவுப் பள்ளமும் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். சந்திக்கிற அந்தக் கணத்தில் கயிறு தட்டையாகிவிடும் என்றான். "அப்ப அந்த நேரத்துல ரெண்டு பேரும் எங்க இருப்பாங்க?"

"இருப்பாங்க. தெரிய மாட்டாங்க. அப்பறம் ஒன்னை ஒன்னு தாண்டிப் போயிடும்."

"பாவம்" என்றாள்.

டிங்கிக் காய்ச்சலோடு ஆம்புலன்சில் ஏறியபோதும் அவள் வழக்கம்போல "போயிட்டு வர்றேங்க" என்றுதான் சொன்னாள். வரவில்லை.

விமலா அக்கா மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காத. அன்னிக்கு அவள எடுக்கறப்ப, வேன் கதவ சாத்தறப்ப நீ என்னா சொன்ன?"

அவனுக்கு நினைவிருந்தது. சாவு வீட்டில் யாரும் விடைபெறுவதில்லை. போகிறவர்கள் சொல்லாமல் எழுந்து போவார்கள். பிணத்தை அனுப்பும்போது அழலாம், கத்தலாம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லக்கூடாது. தினமும் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. கதவு சாத்தும்போது தானாகச் சொல்லிவிட்டது.

போயிட்டு வா.

"தெரியாம வந்துருச்சுக்கா."

"தெரியும்பா. உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா அவ எப்பவும் நீ சொன்னதக் கேக்கறவ." அக்காவின் குரல் உடைந்தது. "வெளக்கு வச்சிட்டு, 'போ'ன்னு மட்டும் சொல்லிரு. ஒரு வார்த்த. அவளுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

வாசலில் செருப்பை மாட்டும்போது, "சரி தம்பி, போயி..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, பேசாமல் காரில் ஏறினார்.

சுராவ் தொழுகைக்கூடத்திலிருந்து அந்தி நேர மக்ரிப் பாங்கு கேட்டு அடங்கியது. செம்பனைத் தோப்புக்கு மேல் வானம் கறுத்தது, மழை இறங்கியது, ஆற்றுச் சேற்றின் வாடையும் நனைந்த மட்டைகளின் வாடையும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து நின்றன. சாமி மேடையில் விளக்கை ஏற்றினான். படத்தில் ரமணி சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்ல வாய் திறந்தான். வரவில்லை. சொல்லிவிட்டால் இந்த வீட்டில் அவனைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

பின்வாசலில் கயிறு உரசும் சத்தம் கேட்டது.

வெளியே போய்ப் பார்த்தான். கொடி காலியாக இருந்தது. காற்று இல்லை, மழை நேராக விழுந்தது. ஜன்னல் கம்பியில் கட்டிய முனையிலிருந்து ஒரு பள்ளம் கிளம்பி, கயிறு நெடுக மெதுவாக, யாரோ விரலால் அழுத்தி நகர்த்துவதுபோல் அவனை நோக்கி வந்தது. அவனுக்கு முன்னால் வந்ததும் நின்றது. பள்ளம் அப்படியே நின்றது. அலை நிற்காது. போவதும் வருவதும் சேர்ந்தால்தான் நிற்கும்.

வீட்டுக்குள் ஓடி வந்து கதவைத் தாழிட்டான். மூக்கில் ஏதோ ஏறியது. அவள் தலைக்குப் போடும் சீயக்காய்.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. தரை காய்ந்திருந்தது. குளித்துவிட்டுத் துடைக்காத காலோடு வீடெல்லாம் நடப்பாள் ரமணி, அவன் திட்டுவான். தரையில் ஒன்றும் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டான்.

மேலே 'சப்' என்றது.

கூரைப் பலகையில் ஈரம். ஒழுக்கு, என்றான் வாய்விட்டு. மழைதானே.

ஒழுக்குக்கு விரல்கள் இருந்தன. ஐந்து. பக்கத்தில் இன்னொரு பாதம். குளியலறையிலிருந்து, அடுப்படி வழியாக, கூடத்துக் கூரையில், அவன் தலைக்கு நேர் மேலே வரைக்கும்.

அங்கே நின்றிருந்தது.

போ. ஒரு வார்த்தை. ஓர் எழுத்து.

விளக்கின் சுடர் அசையவில்லை. மழைச் சத்தம் கேட்கவில்லை. அவன் அண்ணாந்து பார்த்தான்.

ரமணி கூரையில் நின்றிருந்தாள். தலைகீழாக. கைலி விழவில்லை. ஈரக் கூந்தலும் கீழே தொங்கவில்லை. முதுகோடு ஒட்டி மேலே, கூரையை நோக்கி வழிந்திருந்தது. அவளுக்கு அதுதான் தரை. அவளும் கழுத்தை வளைத்து அவனை அண்ணாந்துதான் பார்த்தாள்.

"சொன்னீங்களே" என்றாள். "வந்துட்டேங்க."

அவன் உதடுகள் போ என்பதற்காகக் குவிந்தன. பல்லைக் கடித்து அழுதான்.

"வா" என்றான்.

கையை உயர்த்தினான். அவளும் உயர்த்தினாள். அவள் உயர்த்தியது கீழே இறங்கி வந்தது. விரல் நுனிகள் சந்தித்தன. வலிக்கவில்லை. சந்தித்த இடத்தில் அவள் விரல்கள் இல்லை. அவன் விரல்களும் இல்லை. பிறகு மணிக்கட்டுகள் இல்லை.

கயிற்றின் மேடும் பள்ளமும்போல் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஒரு கணம்தான் அது. இருவரும் கையை எடுக்கவில்லை.

நெருங்கி வந்த அந்த முகத்தில், கண்ணீர் அவள் கண்களிலிருந்து கன்னம் வழியாக, மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.